ஜெர்மனியின் வேலை அனுமதி: பண்ணைக் கூலியிலிருந்து புளூ கார்டு வரை

ஜெர்மனியில் வெளிநாட்டவர் வேலை பார்க்க அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி பொறியாளர்களுக்காகவோ மருத்துவர்களுக்காகவோ பிறந்ததல்ல. பிரஷ்யாவின் கிழக்குப் பண்ணைகளில் உருளைக்கிழங்கும் சர்க்கரை பீட்ரூட்டும் தோண்ட வந்த கூலிகளுக்காக வந்தது அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் உழவர்கள் ஆலை நகரங்களுக்குப் போய்விட, பெரும்பண்ணைக்காரர்கள் ரஷ்ய, ஆஸ்திரியப் பேரரசுகளின் கீழிருந்த போலந்துக்காரர்களை அறுவடைக்கு அழைத்தார்கள். ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் ஊரில் தங்கிவிடக் கூடாது என்பது பிரஷ்ய அரசின் கவலை. 1908-இல் வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அட்டையில் முதலாளியின் பெயர் இருக்கும். அந்த முதலாளியை விட்டு ஓடினால் நாடு கடத்தல். குளிர்காலம் வந்ததும் போலந்துக்காரர் எல்லை தாண்டி ஊர் திரும்பியாக வேண்டும். வசந்தத்தில் மறுபடி வரலாம். ஒரு நூற்றாண்டு கழித்தும் ஜெர்மானிய அனுமதி முறையை விட்டு முழுமையாக நீங்காத இரண்டு பழக்கங்கள், ஆளை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவதும் தங்கும் காலத்துக்கு முன்கூட்டியே கெடு வைப்பதும், இங்கேதான் தொடங்கின.

மூன்றாவது பழக்கம் வைமார் குடியரசின் காலத்தில் சேர்ந்தது. 1922-இன் வேலைவாய்ப்புச் சட்டத்தை ஒட்டி, உள்நாட்டவர் எவரும் கிடைக்காத இடத்துக்குத்தான் வெளிநாட்டவரை எடுக்கலாம் என்ற முன்னுரிமை விதி வந்தது. தொழிற்சங்கங்கள் விரும்பிக் கேட்ட விதி இது. 1933 ஜனவரி 23 அன்று, அதாவது ஹிட்லர் பதவியேற்பதற்கு ஒரு வாரம் முன்பு, இவை எல்லாம் ஒரே ஆணையாகத் தொகுக்கப்பட்டன. அதன்படி முதலாளிக்குத் தனியாக அமர்த்தும் அனுமதி, தொழிலாளிக்குத் தனியாக வேலை அனுமதி. நாஜி ஆட்சியில் லட்சக்கணக்கானவர்களைப் பிடித்துவந்து அடிமை வேலை வாங்கியபோது இந்த ஆணைக்குப் பெரிய பொருள் இருக்கவில்லை. ஆனால் போர் முடிந்து 1952-இல் மேற்கு ஜெர்மனி அதே ஆணையைத் தூசி தட்டி எடுத்து மீண்டும் நடைமுறைப்படுத்தியது. 1969-இன் வேலைவாய்ப்பு மேம்பாட்டுச் சட்டம் வரும்வரை அதுதான் அடிப்படை.

1955 டிசம்பரில் இத்தாலியோடு ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1960-இல் ஸ்பெயின், கிரீஸ்; 1961-இல் துருக்கி; பின்னர் மொராக்கோ, போர்ச்சுகல், துனிசியா, யுகோஸ்லாவியா. பத்து லட்சமாவது தொழிலாளியாக 1964 செப்டம்பரில் கொலோன் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய போர்ச்சுகீசியத் தச்சருக்கு ஒரு மொபெட் பரிசளித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களை விருந்தினர் தொழிலாளர் என்றே அழைத்தார்கள். 1955-க்கும் 1973-க்கும் இடையில் ஏறத்தாழ 1.4 கோடிப் பேர் வந்து, அவர்களில் 1.1 கோடிப் பேர் திரும்பிப் போனார்கள் என்பது கணக்கு. இவர்களுள் கைத்தொழில் தெரிந்தவர்கள் ஏராளம் இருந்தாலும் படிப்புக்கும் அனுமதிக்கும் சம்பந்தமில்லை. ஆள்சேர்ப்பு அலுவலகம் பார்த்தது உடல்நலத்தை.

படித்தவர்களும் இந்தக் கதவு வழியாகவே வந்தார்கள் என்பதற்குக் கேரளச் செவிலியர்கள் சான்று. 1960-களில் கத்தோலிக்க அமைப்புகளின் ஏற்பாட்டில் கேரளத்து இளம்பெண்கள் ஜெர்மானிய மருத்துவமனைகளுக்குப் போனார்கள். தொழில் பயின்றவர்கள், மொழி கற்றவர்கள், நோயாளிகளிடம் நல்ல பெயர் எடுத்தவர்கள். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர்களும் தற்காலிக விருந்தினர்களே. ஊரில் கல்யாணம் முடித்துக் கணவரை அழைத்துக்கொண்டால், முதுகலைப் பட்டம் வாங்கியவராக இருந்தாலும் அவருக்குப் பல ஆண்டுகள் வேலை அனுமதி கிடையாது. மனைவி இரவுப் பணிக்குப் போக, கணவர் வீட்டில் குழந்தை வளர்த்தார். 1970-களின் பிற்பாதியில் உள்ளூர்ச் செவிலியர்கள் போதுமான அளவு கிடைத்ததும் சில மாநிலங்கள் இவர்களின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, பலரைத் திருப்பி அனுப்பின. திறமை இருந்தும் உரிமை பிறக்கவில்லை.

அதற்குள் பொதுக் கதவே அடைபட்டிருந்தது. 1973 நவம்பர் 23 அன்று, எண்ணெய் நெருக்கடியின் நடுவே, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் வால்டர் ஆரெண்ட் வேலைவாய்ப்புத் துறைக்கு ஒரு டெலக்ஸ் அனுப்பினார்: இனி வெளிநாடுகளிலிருந்து ஆள் சேர்க்க வேண்டாம். நாடாளுமன்ற விவாதம் இல்லை, புதுச் சட்டம் இல்லை, ஒரு டெலக்ஸ். அப்போது ஜெர்மனியில் 26 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். போனால் திரும்ப வர முடியாது என்று ஆகிவிடவே, ஊருக்குப் போய்விட எண்ணியிருந்தவர்களும் தங்கிக் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். தங்கிவிடக் கூடாது என்று போட்ட தடையே தங்க வைத்தது. 1980-களில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்கு வந்த ஈழத் தமிழர்களுக்கும் வேலைக் கதவு திறக்கவில்லை. அவர்கள் வந்த வழி அகதி விண்ணப்பம், அதில் நீண்ட காலத்துக்கு வேலைத் தடை.

தடைக்கு விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 1990-இலும் 1998-இலும் வந்த விதிவிலக்கு ஆணைகள் இன்று வாசிக்க வேடிக்கையானவை. அறிவியலாளர்கள், மொழி ஆசிரியர்கள், மதகுருமார்கள், ஆட்டக்காரர்கள் என்று நீளும் பட்டியலில் அயல்நாட்டு உணவகங்களின் சிறப்புச் சமையல்காரருக்குத் தனி இடம் உண்டு. தந்தூரி அடுப்பில் நிற்பவருக்குச் சட்டத்தில் பெயர் சொல்லி இடம் இருந்தது. கணினி நிரல் எழுதுபவருக்கு அப்படி ஒரு பத்தி இல்லை. பட்டதாரியை எடுக்க வேண்டுமானால் பொதுநலன் கருதி என்று தனித்தனியாக வாதாட வேண்டும்.

இந்த நிலையில்தான் 2000 பிப்ரவரியில் ஹனோவரின் செபிட் கணினிக் கண்காட்சியைத் தொடங்கி வைத்த பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், கணினி வல்லுநர்களுக்கு கிரீன் கார்டு தருவோம் என்று அறிவித்தார். துறையில் 75,000 இடங்கள் காலி என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அறிவிப்பு வந்த பிறகே அமைச்சகங்கள் விதிகளை எழுத உட்கார்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயர் அமெரிக்காவிடம் வாங்கியது. ஆனால் அங்கே அது நிரந்தரக் குடியிருப்பு, இங்கே அதிகபட்சம் ஐந்து ஆண்டு. மொத்த ஒதுக்கீடு 20,000.

யார் தகுதியானவர் என்று முதன்முறையாகச் சட்டம் அளவு சொன்னது. ஒன்று, தகவல் தொழில்நுட்பத்தில் பல்கலைக்கழகப் பட்டம். பட்டம் இல்லையா, ஆண்டுக்கு 1,00,000 மார்க் சம்பளம் தர முதலாளி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தகுதியைப் படிப்பாலும் அளக்கலாம், பணத்தாலும் அளக்கலாம் என்ற இந்த இரட்டை அளவுகோலே பின்னால் வந்த எல்லாச் சட்டங்களுக்கும் அச்சு. முதல் அட்டையைப் பெற்றவர் இதற்காகப் புதிதாகக் கடல் கடந்து வந்தவர் அல்லர் என்பது இதில் ஒரு வேடிக்கை. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஏற்கெனவே ஜெர்மனியில் இருந்த இந்தோனேசிய இளைஞர் அவர்.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் போட்டியிட்ட கிறித்துவ ஜனநாயகக் கட்சியின் யூர்கன் ரூட்கர்ஸ், இந்தியர்களைக் கொண்டுவருவதற்குப் பதில் நம் பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வையுங்கள் என்ற முழக்கத்தை எழுப்பினார். ஜெர்மன் மொழியில் எதுகையோடு ஒலித்த அந்த வரி அஞ்சல் அட்டைகளில் ஏறி நாடெங்கும் பரவியது. அந்த மே மாதத் தேர்தலில் அவர் தோற்றார், 2005-இல்தான் முதலமைச்சரானார். ஆனால் அந்த வரி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருந்த பொறியாளர்களுக்கு ஜெர்மனியைப் பற்றிக் கிடைத்த முதல் செய்தியாகவும் பல இடங்களில் அதுவே அமைந்தது. அதே கோடையில் டெஸ்ஸாவ் நகரப் பூங்காவில், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து குடும்பத்தோடு வாழ்ந்த மொசாம்பிக் நாட்டவர் ஒருவரை நவநாஜி இளைஞர்கள் அடித்துக் கொன்றார்கள். அழைப்பும் அச்சமும் ஒரே செய்தித்தாளில் வந்த ஆண்டு அது.

கிரீன் கார்டு 2004 இறுதிவரை நீடித்தது. சுமார் 18,000 பேருக்கு அனுமதி கிடைத்தது, ஒதுக்கீடு நிரம்பவில்லை. இந்தியர்களே மிகப் பெரிய பிரிவு. 2001-இல் இணைய நிறுவனங்களின் நீர்க்குமிழி உடைந்ததும் தேவையே சுருங்கியது. வந்தவர்களில் பலர் வேலை இழந்தார்கள். திட்டம் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் ஜெர்மனி குடியேற்ற நாடு அல்ல என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அரசியல்வாதிகளை, யாரை எப்படி எடுப்பது என்று பேச வைத்தது இந்தச் சின்ன ஆணைதான்.

2000 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷீலி ஒரு குழுவை அமைத்தார். தலைமைக்கு அவர் தேர்ந்தது எதிர்க்கட்சியைச் சேர்ந்த, நாடாளுமன்றத் தலைவராக இருந்த ரீட்டா ஸூஸ்முத்தை. 2001 ஜூலையில் வந்த அறிக்கை, கனடாவைப் போல வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அந்தப் பரிந்துரையை ஏற்ற மசோதா 2002 மார்ச் 22 அன்று மாநிலங்களவைக்கு வந்தது. அங்கே ஒரு மாநிலத்தின் எல்லா வாக்குகளும் ஒன்றாகவே விழ வேண்டும் என்பது அரசியல் சட்டம். பிராண்டன்பர்கில் கூட்டணி ஆட்சி. அதன் அமைச்சர் ஒருவர் ஆம் என்றார், இன்னொரு கட்சி அமைச்சரான யோர்க் ஷோன்போம் இல்லை என்றார். அவைத் தலைவர் கிளாஸ் வோவரைட் முதலமைச்சர் மன்ஃபிரட் ஸ்டோல்பேயிடம் திரும்பிக் கேட்க, அவர் ஆம் என்றார். ஆம் என்றே எழுதிக்கொண்டு சட்டம் நிறைவேறியதாக அறிவித்தார் வோவரைட். அவையில் கூச்சல் எழுந்தது, வழக்கு போனது. 2002 டிசம்பர் 18 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், பிளவுபட்ட வாக்கு செல்லாது, ஆகவே சட்டமும் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பேரம் பேசி முடிக்க இன்னும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டத்தில் புள்ளி முறை காணாமல் போயிருந்தது; 1973-இன் ஆள்சேர்ப்புத் தடையும் அப்படியே நின்றது. நிர்வாகத்தில் மட்டும் ஒரு பெரிய நன்மை. அதுவரை வசிக்க ஓர் அலுவலகம், வேலை பார்க்க இன்னோர் அலுவலகம் என்று அலைந்தவர்கள் இனி நகராட்சியின் அயல்நாட்டவர் அலுவலகத்திலேயே இரண்டையும் ஒரே அனுமதியாகப் பெறலாம். வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலை அலுவலகமே உள்ளுக்குள் வாங்கிக்கொள்ளும்.

உயர்தகுதியாளர் என்ற தனிப் பிரிவும் இந்தச் சட்டத்தில்தான் பிறந்தது. மூன்று வகையினர்: தனித்துறை அறிவு கொண்ட அறிவியலாளர்கள், முக்கியப் பொறுப்பிலுள்ள பேராசிரியர்கள், உயர் சம்பளம் வாங்கும் வல்லுநர்களும் நிர்வாகிகளும். இவர்களுக்கு வந்து இறங்கிய நாளிலேயே நிரந்தரக் குடியிருப்பு. கிரீன் கார்டின் ஐந்து ஆண்டுக் கெடுவோடு ஒப்பிட்டால் இது தலைகீழ் மாற்றம். ஆனால் மூன்றாம் வகையினர் பொதுமருத்துவக் காப்பீட்டின் கணக்கீட்டு உச்சவரம்பைப் போல இரு மடங்கு சம்பளம் வாங்க வேண்டும். 2005-இல் அது ஆண்டுக்கு 84,600 யூரோ. முப்பது வயதைத் தொடாத பொறியாளருக்கு நிறுவனங்கள் அவ்வளவு கொடுப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து இந்த அனுமதியைப் பெற்றவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேரைத் தாண்டவில்லை. 2009-இல் வரம்பை 64,800 யூரோவுக்கு இறக்கியும் கூட்டம் வரவில்லை.

மற்றப் பட்டதாரிகள் எல்லாரும் பழைய முன்னுரிமைச் சோதனை வழியாகவே போனார்கள். நிறுவனம் வேலை விவரத்தையும் சம்பளத்தையும் படிவத்தில் எழுதி அனுப்பும். முகமை தன் பதிவேட்டில் ஜெர்மானியரோ ஐரோப்பிய ஒன்றியத்தவரோ அந்த வேலைக்கு இருக்கிறாரா என்று தேடும். இருந்தால் நேர்காணலுக்கு அனுப்பும். நிறுவனம் அவரை ஏன் வேண்டாம் என்றது என்று காரணம் எழுத வேண்டும். இதற்குள் வாரங்கள் ஓடும், சில வேளை மாதங்கள். ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட ஆளுக்கே பொருந்தும்படி வேலை விவரத்தை நுணுக்கி எழுதும் கலை மனிதவளத் துறைகளில் வளர்ந்ததற்கு இந்தச் சோதனையே காரணம்.

மருத்துவர்களின் பாடு வேறு. வேலை அனுமதி கிடைத்தாலும் தொழில் உரிமம் தனி. முழு மருத்துவ உரிமம் ஜெர்மானியருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கும்தான் என்பது பொது விதி. இந்திய மருத்துவர் கால வரையறையுள்ள தற்காலிக உரிமத்தோடு பணியாற்ற வேண்டியிருந்தது. படிப்பை அல்ல, பாஸ்போர்ட்டைப் பார்த்த விதி. 2012 ஏப்ரலில் வந்த தகுதி அங்கீகாரச் சட்டம் இதை நீக்கி, பயிற்சி சமமானதா என்பதை மட்டும் பார்க்கச் சொன்னது.

அதே 2012 ஆகஸ்ட் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புளூ கார்டு ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியம் 2009-லேயே உத்தரவு போட்டுவிட்டது. ஜெர்மனி கெடு தாண்டி ஓராண்டு கழித்தே சட்டம் செய்தது. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் மூன்றும் ஒதுங்கிக்கொண்டன. தயங்கித் தயங்கி வந்த ஜெர்மனியே பிறகு ஒன்றியம் முழுவதிலும் வழங்கப்படும் புளூ கார்டுகளில் பெரும்பகுதியை வழங்கும் நாடானது. காரணம் வரம்பில் இருக்கிறது. 2012-இல் பட்டமும், ஆண்டுக்கு 44,800 யூரோ சம்பள ஒப்பந்தமும் இருந்தால் முன்னுரிமைச் சோதனை இருக்கவில்லை. பொறியியல், கணினி, மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளில் 34,944 யூரோவே போதுமாக இருந்தது. கணவனோ மனைவியோ முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம். கேரளச் செவிலியர்களின் கணவர்கள் கேட்டும் கிடைக்காத உரிமை. அப்போதைய விதிப்படி 33 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கிடைத்தது. ஜெர்மன் மொழியில் பி1 நிலை தேறினால் 21 மாதத்தில்.

இந்த வரம்புகள் ஏதோ ஒரு குழு உட்கார்ந்து நிர்ணயிக்கும் தொகை அல்ல. ஓய்வூதியக் காப்பீட்டின் கணக்கீட்டு உச்சவரம்பில் இத்தனை பங்கு என்று சட்டத்தில் இருக்கிறது. முதலில் மூன்றில் இரண்டு, பற்றாக்குறைத் துறைக்கு 52 சதவீதம். நாட்டின் ஊதியம் ஏற ஏற உச்சவரம்பு ஏறும். அதோடு புளூ கார்டின் வரம்பும் ஒவ்வொரு ஜனவரியிலும் தானாக ஏறும். டிசம்பரில் தகுதி பெற்ற சம்பளம் ஜனவரியில் சில நூறு யூரோ குறைந்து நிற்பதும், நிறுவனத்திடம் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும் இதனால் நேர்வது.

சம்பளம் ஒரு கண் என்றால் பட்டம் இன்னொரு கண். பட்டத்தைச் சோதிக்க அனபின் என்ற அரசுத் தரவுத்தளம் இருக்கிறது. சென்னையிலுள்ள ஜெர்மானியத் துணைத் தூதரகத்துக்கான கோப்பில், வேலை ஒப்பந்தத்துக்கும் சான்றிதழ் நகல்களுக்கும் நடுவே அந்தத் தளத்தின் அச்சுப்பக்கம் இரண்டு வைக்க வேண்டும்: ஒன்று பல்கலைக்கழகத்தைப் பற்றியது, மற்றது பட்டத்தைப் பற்றியது. பல்கலைக்கழகத்துக்கு எதிரே எச் பிளஸ் என்று இருந்தால் நிம்மதி. எச் மைனஸ் என்றால் அந்த வழி மூடிற்று. இரண்டும் கலந்த குறி இருந்தால் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று மேலும் தோண்டுவார்கள். இணைப்புக் கல்லூரியில் படித்தவர் தேட வேண்டியது கல்லூரியின் பெயரை அல்ல, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரை. இது தெரியாமல் தம் கல்லூரி பட்டியலில் இல்லை என்று கலங்குபவர்கள் உண்டு. தளத்தில் பட்டமே இல்லாவிட்டால் பான் நகரிலுள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டி, ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்.

2020 மார்ச் 1 அன்று வந்த திறனாளர் குடியேற்றச் சட்டம், பட்டதாரிகளோடு தொழிற்பயிற்சி பெற்றவர்களையும் ஒரே திறனாளர் வரையறைக்குள் கொண்டுவந்து, அவர்களுக்கு முன்னுரிமைச் சோதனையைப் பொதுவாக எடுத்துவிட்டது. வைமார் காலத்து விதி இவ்வாறு அமைதியாக ஓய்ந்தது. சட்டம் வந்த சில வாரங்களில் கொரோனா எல்லைகளை மூடியதால் பயன் தெரியத் தாமதமானது.

பெரிய திறப்பு 2023-இல். நவம்பர் 17 வரை 58,400 யூரோவாக இருந்த புளூ கார்டு வரம்பு 18-ஆம் தேதி 43,800 ஆனது. பற்றாக்குறைத் துறைகளுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் 39,682 யூரோ 80 சென்ட். பட்டம் இல்லாத கணினி வல்லுநரும் மூன்றாண்டு அனுபவத்தைக் காட்டி புளூ கார்டு பெறலாம் என்று ஆனது. 2000-இல் பட்டம் இல்லாதவரிடம் 1,00,000 மார்க் கேட்ட நாடு அது. அடுத்த ஜூனில் வாய்ப்பு அட்டை வந்தது: மொழி, அனுபவம், வயது, ஜெர்மனியோடு முன்தொடர்பு இவற்றுக்குப் புள்ளி, ஆறு புள்ளி சேர்ந்தால் ஓராண்டு தங்கி வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் பார்க்கலாம். ஸூஸ்முத் குழு சொன்ன புள்ளி முறை, வேலை தேடுவதற்கான அனுமதி என்ற அளவில் மட்டும், 23 ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

இந்தியாவோடு தனி ஏற்பாடுகளும் நடந்தன. 2022 டிசம்பரில் டெல்லியில் இரு நாடுகளும் குடிபெயர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2024 அக்டோபரில் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் வந்தபோது இந்தியத் திறனாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கை 20,000-இலிருந்து 90,000 ஆக உயரும் என்று அறிவிக்கப்பட்டது. புளூ கார்டு வைத்திருப்பவர்களில் முதலிடம் ஏற்கெனவே இந்தியர்களுக்குத்தான்.

விதிகள் இளகிய வேகத்தில் அலுவலகங்கள் மாறவில்லை. பெரிய நகரங்களின் அயல்நாட்டவர் அலுவலகங்களில் நேரம் வாங்குவதே பெரும்பாடு. விசாவோடு வந்தவர் அட்டை கையில் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரி முதல் தூதரகங்களின் விசா விண்ணப்பங்கள் இணையவழிக்கு மாறின. அந்த ஆண்டு மே மாதம் பதவியேற்ற ஃபிரீட்ரிக் மெர்ஸ் அரசின் கூட்டணி ஒப்பந்தம், ஆள் எடுப்பது முதல் அனுமதி வழங்குவது வரை எல்லாவற்றையும் ஒரே மின்னணு முகமையின் கீழ் கொண்டுவருவதாகச் சொல்கிறது. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டபோது விண்ணப்பம் தூதரகத்தையும் நகராட்சியின் அயல்நாட்டவர் அலுவலகத்தையும் கடந்தாக வேண்டியிருந்தது. சம்பளம் குறைந்த வரம்பில் இருந்தால் வேலைவாய்ப்பு முகமையையும்.